ஈரப்பதம்

கோட்டூருக்குத் தெற்கே, பாமணியாற்றுக் கரையில்
ஒரு தகரக் கொட்டகை, எடைத்தராசு, குண்டு பல்பு.
நெல் கொள்முதல் நிலையம்.
பருவகாலப் பட்டியல் எழுத்தர் நான்.
படித்தது இயற்பியல்,
எழுதுவது மூட்டைக் கணக்கு.

நேற்று மாலை வைரக்கண்ணுவின் நெல்
பதினாறு புள்ளி எட்டு.
பதினேழு வரை எடுக்கலாம். சாக்கு தீர்ந்துவிட்டது.
காலையில் முதல் ஆள் நீங்கதான் என்றேன்.

விடிகாலையில் அதே குவியல்,
அதே கருவி, ஒரு கைப்பிடி.
பதினெட்டு புள்ளி ஆறு.

"ஒரு பொட்டு மழ இல்லியே" என்றார்.
பிறகு குரலை இறக்கி,
"புங்கமரத்தடியில கெடக்கே சித்தமல்லியான் நெல்லு,
அது மட்டும் எப்புடி காஞ்சு கெடக்கு?
எவ்ளோ குடுத்தான்?"

யாரும் எதுவும் கொடுக்கவில்லை.
கொடுத்தது உங்கள் நெல்தான், ஐயா.
ராத்திரி முழுக்க
ஒவ்வொரு மணியும்
கண்ணுக்குப் படாத ஒரு வெளிச்சத்தை
மேலே அனுப்பிக்கொண்டே இருந்தது.
மேகம் இருந்தால் பாதி வழியில் மறித்து
திருப்பி அனுப்பியிருக்கும்.
நேற்று மேகம் இல்லை. எத்தனை நட்சத்திரம், பார்த்தீர்களா?
அத்தனையும் ஓட்டை.

மரத்தடி நெல்லுக்கு மேலே இலை இருந்தது.
கொடுத்ததை ஏறக்குறைய அப்படியே கொடுத்தது இலை.
உங்கள் நெல்லுக்கு மேலே
ஒன்றுமே இல்லை.
பனி பெய்தது என்கிறோம்,
எதுவும் பெய்யவில்லை.
குளிர்ந்துபோன உமியில் காற்று வியர்த்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
சொன்னது: "மரம் பனியை மறைச்சிருக்கும்ணே."
அவர் நம்பவில்லை.
படுதா ஏழு, குவியல் இருபத்தொன்று.
அதைத்தான் அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஃப்ளாஸ்க்கைத் திறந்தேன்.
நேற்று ஒன்பது மணிக்கு ஊற்றிய டீ
இன்னும் நாக்கைச் சுட்டது.
வெள்ளி பூசிய இரண்டு கண்ணாடிச் சுவர்,
நடுவே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததுதான் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது.
தொட்டுக் கடத்த ஆளில்லை,
சுமந்து போகக் காற்றில்லை.
அங்கிருந்து கிளம்ப ஒரே வழி, ஒளியாக மாறுவது.
அந்த வழியையும் வெள்ளி அடைத்துவிடுகிறது.

மேலே இருப்பதும் அதே ஒன்றுமில்லாததுதான்.
பூச்சு கிடையாது, மூடி கிடையாது.
அது குளிரைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை,
ஆற்றுத் தண்ணீர் போல உடம்பிலிருந்து பிடுங்குவதுமில்லை.
போனதைத் திருப்பித் தருவதில்லை,
அவ்வளவே அதன் குணம்.

பாதி டீயை அவருக்கு ஊற்றினேன்.
ஊதி ஊதிக் குடித்தார்.
கோபம் ஆறியதா, தெரியாது.

சூரியன் வந்தது.
எட்டு நிமிஷத்துக்கு முன்னால்,
அவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது
கிளம்பிய வெளிச்சம்.
பதினைந்து கோடி கிலோமீட்டர்.
வழியில் எந்த இடத்தையும் அது சுடவில்லை,
எங்கேயும் தெரியவும் இல்லை.
பக்கத்தில் நின்று பார்த்தாலும் இருட்டாகத்தான் இருந்திருக்கும்.
முதன்முதலாக எதன்மீதோ மோதியபோது
கொஞ்சம் கொக்கின் முதுகு,
கொஞ்சம் லாரியின் கண்ணாடி,
மீதி சிமெண்டுக் களத்தில்
வைரக்கண்ணு காலால் உழுது பரப்பிய நெல்.
அங்கேதான் அது சூடானது.

ஒன்பதே காலுக்குப் பதினேழு புள்ளி எட்டு.
பத்தரைக்குப் பதினேழு புள்ளி நான்கு.
லோடுமேன் அந்தோணிராஜ் சாக்கின் வாயை விரித்தபடி
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.
சித்தமல்லியான் நெல் லாரியேறிப் போய்விட்டது.

பதினொன்று பத்துக்கு
பதினேழு புள்ளி ஒன்று.

பதினேழு என்று எழுதினேன்.
அந்தப் புள்ளி ஒன்று எங்கே போனது என்று
தணிக்கைக்காரர் கேட்டால்
விரலை மேலே காட்டுவேன்.